கார்கள் வருவதற்கு முன்: கோயிங்-டு-த-சன் சாலையில் சைக்கிளிலும் நடந்தும் போக முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிச் செல்கிறது கோயிங்-டு-த-சன் சாலை. நீளம் சுமார் 80 கி.மீ. நடுவில் 2,026 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாய். குளிர்காலம் முழுக்க மேல்பகுதி பனிக்குள் புதைந்து கிடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் பனி அகற்றும் வண்டிகள் ஏறத் தொடங்கும். முழுச் சாலையும் கார்களுக்குத் திறப்பது பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள். இடைப்பட்ட வாரங்களில், பனி வழித்த தார்ச்சாலை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும்தான்.

கார் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பனிச்சரிவு, கரடி, உருகுநீர் ஓடும் வளைவு, தடுப்புக் கட்டை இன்னும் பொருத்தாத பள்ளத்து விளிம்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஏறும்போது உடம்பு நோகும், அவ்வளவுதான். விபத்து நடப்பது இறங்கும்போது.

சாலையின் அமைப்பு

மேற்குப் பக்கம்தான் பெரும்பாலோர் போவது, முதலில் அதையே பார்ப்போம். பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து மெக்டொனால்ட் ஏரிக்கரை லாட்ஜ் சுமார் 18 கி.மீ., அவலாஞ்ச் க்ரீக் சுமார் 26 கி.மீ. வசந்தத்தில் கார்களுக்கான கேட் இந்த இரண்டில் ஒன்றில் இருக்கும். ஏப்ரலில் பெரும்பாலும் லாட்ஜ் அருகே. பிறகு அவலாஞ்சுக்கு நகரும். கேட் லாட்ஜிலேயே இருந்தால் போகவர 17 கி.மீ. வரை கூடுதலாகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அவலாஞ்சிலிருந்து கணவாய்வரை சுமார் 26 கி.மீ. இதைச் சரிபாதியாகப் பிரிக்கிறது தி லூப் எனும் கொண்டை ஊசி வளைவு. முதல் 13 கி.மீ. காட்டுக்குள், ஓடையை ஒட்டிப் போகும். ஏற்றம் மொத்தமே 260 மீட்டர் அளவுதான். அடுத்த 13 கி.மீ.யில் 700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கீழ்ப்பாதியை வைத்து மேல்பாதியை எடைபோடாதீர்கள். லூப்வரை ஒரு மணி நேரத்தில் வந்தவர், இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலே இருப்போம் என்று கிளம்பி, பாதியிலேயே தண்ணீரும் தெம்பும் தீர்ந்து நிற்பது வாடிக்கை.

மேல்பாதியின் சரிவு ஏறக்குறைய 6 சதவீதம், ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராக. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் பொறியாளர் ஜார்ஜ் குட்வின் வரைந்த திட்டத்தில் லோகன் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. நிலவடிவமைப்பாளர் தாமஸ் வின்ட் அது மலையின் அழகைக் கெடுத்துவிடும் என்று எதிர்த்தார். கார்டன் வால் எனும் நெடிய பாறைச்சுவரை ஒட்டி, ஒரே ஒரு வளைவோடு ஏறும் பாதை முடிவானது. அக்காலக் கார்கள் கியர் குறைக்காமல் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவு 6 சதவீதத்துக்குள் நிறுத்தப்பட்டது. 1932-இல் பணி முடிந்து, 1933 ஜூலை 15 அன்று லோகன் கணவாயில் திறப்பு விழா நடந்தது. பழைய கார் எஞ்சினுக்காகப் பார்த்துப் போட்ட சரிவு, இன்று சைக்கிள்காரரின் முழங்காலுக்கும் தோதாக இருக்கிறது. ஆனால் நடுவில் மூச்சுவிடச் சமதளமே கிடைக்காது.

இரண்டு வகைத் தடை

இந்தப் பயணத்தில் புரிந்துகொள்ள வேண்டிய விதி இது ஒன்றுதான், ஆனால் பலருக்கும் குழப்பம் வருவதும் இதில்தான்.

முதலாவது, பணிக்குழுத் தடை. பனி அகற்றும் ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் அமலில் இருக்கும். வார நாட்களில் பகல் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். குழு கிளம்பியபின் மாலையிலும், வேலை இல்லாத வார இறுதியிலும் இதைத் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது, அபாயத் தடை. இது பனிச்சரிவு, பாறை விழுதல், பனி வழிக்காத பகுதி ஆகியவற்றுக்காக வைப்பது. வார நாள், வார இறுதி, பகல், இரவு எந்நேரமும் உண்டு. யாரும் தாண்டக்கூடாது, தாண்டினால் அபராதம். அந்தப் பலகைக்கு அப்பால் சாலை காய்ந்து சுத்தமாகத் தெரியும். ஆபத்து சாலையில் இல்லை, 600 மீட்டர் மேலே உள்ள சரிவில் இருக்கிறது. பனி வழிக்கும் பகுதியைக் குறுக்கே வெட்டும் பனிச்சரிவுப் பாதைகள் ஏறக்குறைய 40. 1953 மே மாதம் இங்கே பனிச்சரிவில் சிக்கிப் பணிக்குழுவினர் இருவர் இறந்தார்கள். இன்று பனிநிலையைக் கவனித்துச் சொல்லவே தனிக் கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் வைத்த பலகையை நம் கண்ணால் மறுபரிசீலனை செய்யத் தேவையில்லை.

பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரப் பக்கம் உண்டு. அதில் கார்கள் எதுவரை, நடப்பவரும் சைக்கிள்காரரும் எதுவரை என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். முந்தைய நாள் இரவு ஒருமுறை, காலையில் கிளம்பும்முன் ஒருமுறை பாருங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் செல்பேசி சிக்னல் இருக்காது, ஆகவே திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. சாலையில் உள்ள பலகை வேறு மாதிரி சொன்னால் பலகை சொல்வதே முடிவு.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியில் காட்டுப்பகுதி மட்டும். மே நடுவில் பெரும்பாலும் லூப் அல்லது அதற்குச் சற்று மேலே. மே கடைசி, ஜூன் முதல் பாதியில் கணவாய்க்குச் சற்றுக் கீழே உள்ள பிக் பெண்ட் வளைவைத் தாண்டி, சில ஆண்டுகளில் கணவாய்வரை. இது தோராயம்தான், பனி கூடுதலான ஆண்டில் இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

மேலே போவதுதான் நோக்கம் என்றால் ஜூன் முதல் இரண்டு வாரங்களின் சனி, ஞாயிறு. அதில் ஞாயிறு சற்றே கூட்டம் குறைவு. லூப்வரை போதும் என்பவர்களுக்கு மே நடுவில் ஒரு வார நாளே போதும். பணிக்குழு மேலே ஏறியிருக்கும், கீழ்ப்பகுதி அமைதியாக இருக்கும். விமான டிக்கெட் எடுத்துத் தூரத்திலிருந்து வருபவர்கள் ஒரே ஒரு சனிக்கிழமையை நம்பி வர வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்கி, மழை பெய்யும் நாளைக் காட்டுப்பகுதிக்கும் காயும் நாளை மேல்பகுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலிருந்து கோடைக் கட்டணம்: 7 நாளுக்குக் காருக்கு 35 டாலர், சைக்கிளிலோ நடந்தோ வந்தால் ஆளுக்கு 20. 2026 முதல் அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். இந்தியாவிலிருந்து பெற்றோரை அழைத்துவரும் குடும்பங்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சைக்கிள்

எந்த வகை என்பதைவிட முக்கியம் இரண்டு: தாழ்ந்த கியர், நம்பகமான பிரேக்.

முன் பல்சக்கரம் 34, பின்னே பெரியது 34 என்றால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 65 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. சொச்சம். சராசரி உடல்வாகு கொண்டவர் 6 சதவீதத்தில் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் அதுதான். பந்தய சைக்கிளில் பின்னே 25, 28 பல் மட்டும் இருந்தால் மிதியை எழுந்து நின்று அழுத்த வேண்டிவரும். பாதியில் முழங்கால் பேசும்.

டயர் 32 முதல் 40 மி.மீ. அகலம் போதும். வசந்தத்தில் தார் மேல் உருண்டு விழுந்த கற்கள், பனிவண்டி கீறிய குழிகள், சிதறிக் கிடக்கும் சரளை எல்லாம் இருக்கும். 23 மி.மீ. டயரோடு வந்தால் இறக்கத்தில் கல்லிலோ குழியிலோ இடித்து டியூப் நசுங்கிப் பஞ்சராகலாம். கூடவே டியூப் 2, டயர் நெம்பி 2, கைப்பம்ப், ஆறுகோணச் சாவிக் கொத்து, செயின் இணைப்பு ஒன்று. பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால் வருவதற்கு முன் வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். மேலே உதவி வண்டி கிடையாது.

பிரேக் கட்டையின் ரப்பர் அல்லது டிஸ்க் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் ஒரே இறக்கத்தில் கணிசமாகத் தேயும். பின்சக்கரத்துக்கு மேல் மட்கார்டு இருந்தால் முதுகு காய்ந்திருக்கும்.

மின் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. மோட்டார் 750 வாட்டுக்குள் இருக்க வேண்டும். கார்களுக்கு மூடிய சாலையில் மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது. பேட்டரி போதுமா என்ற கேள்விக்குக் கணக்கு எளிது. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயர்த்தவே சுமார் 270 வாட்-மணி வேண்டும். உராய்வும் மோட்டார் இழப்பும் சேர்த்தால் இன்னும் மேலே. 500 வாட்-மணி பேட்டரியில் பாதி உழைப்பை உங்கள் கால் தந்தால் தாராளம். அதிகபட்ச உதவியில் வைத்துக் காட்டுப்பகுதியிலேயே பறந்தால், கணவாய்க்குக் கீழே 25 கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு போக நேரும். குளிரில் பேட்டரி கொள்ளளவு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூப்வரை குறைந்த உதவி, மேலே நடுத்தர உதவி.

வாடகை சைக்கிள் வெஸ்ட் கிளேசியர், கொலம்பியா ஃபால்ஸ், ஒயிட்ஃபிஷ் ஊர்களில் கிடைக்கும். ஜூன் வார இறுதிகளுக்கு முன்பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது அரிது.

உடை, தண்ணீர், சாப்பாடு

ஏறும்போது வியர்க்கும், மேலே நின்ற இரண்டாவது நிமிடம் நடுங்கும், இறங்கும்போது ஈர உடையில் காற்று அடித்தால் விரல் மரத்துப் பிரேக் பிடிக்க முடியாது. இறக்கத்தில் விழுபவர்கள் சிலருக்குக் கோளாறு பிரேக்கில் இல்லை, மரத்த விரலில். ஆகவே பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: காற்றும் மழையும் புகாத மேலங்கி, முழுவிரல் கையுறை, ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மெல்லிய தொப்பி, ஈரமாகாமல் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த மாற்று உள்சட்டை. பருத்தி வேண்டாம். ஜூனிலும் கணவாயில் பனி பெய்யும். மறுபக்கம், வெள்ளைப் பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூசும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2.5 முதல் 3 லிட்டர். அவலாஞ்சுக்கு மேலே குழாய் கிடையாது. சுற்றிலும் அருவியாகக் கொட்டும், ஆனால் வடிகட்டாமல் குடித்தால் ஜியார்டியா எனும் கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம். சாப்பாடு, மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், சப்பாத்தி ரோல் எல்லாம் சரி. புளியோதரைப் பொட்டலம் கட்டி வரும் கூட்டமும் உண்டு. அதன் மணம் நமக்கு மட்டும் பிடித்ததல்ல என்பதால், சாப்பாட்டுப் பையைச் சைக்கிளில் மாட்டிவிட்டு ஒருபோதும் தள்ளிப் போகாதீர்கள். அணிலுக்கும் போடக்கூடாது.

கரடி

இங்கே கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடியும் கருங்கரடியும் உண்டு. வசந்தத்தில் பள்ளத்தாக்கில் முதலில் முளைக்கும் பசும்புல்லைத் தேடிச் சாலையோரம் வரும். சைக்கிளில் வருவது நடந்து வருவதைவிட ஆபத்து. சத்தமில்லாமல் வேகமாக வளைவு திரும்பி, கரடிக்கு விலக நேரமே தராமல் மேலே போய் மோதலாம். 2016 ஜூனில் வெஸ்ட் கிளேசியர் அருகே காட்டுப் பாதையில் ஒருவர் இறந்தது இப்படித்தான்.

கரடி ஸ்பிரேயை, அதாவது பாயும் கரடி மேல் அடிக்கும் காரத் தெளிப்பானை, விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. அங்கே வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். முதுகுப்பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். மார்புப் பட்டையிலோ ஹேண்டில்பாரில் உறுதியான உறையிலோ, இரண்டு விநாடியில் கை எட்டும்படி வையுங்கள். உடம்போடு இருப்பதே மேல். விழுந்தால் சைக்கிள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அதன் பாதுகாப்புப் பூட்டைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துப் பழகுங்கள். கரடி பாய்ந்து 10 மீட்டர் அளவில் வரும்போது சற்றுத் தாழ்வாகக் குறிவைத்து அழுத்த வேண்டும்.

வளைவுக்கு முன் உரக்கக் குரல் கொடுங்கள். தமிழில் கத்தினாலும் கரடிக்குப் புரியும். சிறு மணி போதாது. சாலையில் கரடி நின்றால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் வைத்து, மெல்லப் பின்வாங்கி 100 கெஜம், அதாவது 91 மீட்டர், இடைவெளி விடுங்கள். திரும்பி வேகமாக ஓட்டாதீர்கள். ஓடுவது துரத்தத் தூண்டும். வழியை மறித்தால் காத்திருங்கள். பின்னால் வருபவர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டமாக நிற்பது நல்லது.

அன்றைய நாள், படிப்படியாக

1. காலை 6:30-க்குள் வாகன நிறுத்தத்தில் இருங்கள். வார இறுதியில் அவலாஞ்சிலும் லாட்ஜிலும் சீக்கிரமே இடம் நிரம்பும். மே நடுவிலிருந்து வார இறுதிகளில் சைக்கிள் இழுவையோடு இலவச ஷட்டில் பேருந்து விடுவது வழக்கம்; அந்த ஆண்டு அட்டவணையைப் பாருங்கள். மிக அகலமான டயர், இருவர் ஓட்டும் சைக்கிள் போன்றவற்றை ஏற்ற முடியாமல் போகலாம்.

2. கிளம்பும்முன் கழிப்பறை. மேலே லூப் போன்ற இடங்களில் தற்காலிகக் கழிப்பறை இருந்தாலும், இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

3. முதல் 10 கி.மீ. பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில். இங்கே மிச்சம் பிடிக்கும் தெம்புதான் மேலே செலவாகப் போவது.

4. லூப்புக்குச் சற்று முன் மேற்குச் சுரங்கப்பாதை, 58 மீட்டர். கூரையிலிருந்து ஒழுகிய நீர் காலையில் உறைந்து கிடக்கலாம். இறங்கித் தள்ளுவது கௌரவக் குறைவல்ல.

5. லூப்பில் 10 நிமிடம். சாப்பிடுங்கள், பாதித் தண்ணீருக்குமேல் மிச்சமிருக்கிறதா பாருங்கள். 2003 காட்டுத்தீயில் எரிந்த சரிவு இது. இதற்குமேல் நிழல் கிடையாது.

6. மேலே வரிசையாக: பேர்ட் வுமன் அருவி தெரியும் இடம், ஹேஸ்டாக் ஓடை, வீப்பிங் வால், பிக் பெண்ட், டிரிபிள் ஆர்ச்சஸ், ஓபர்லின் பெண்ட், லோகன் கணவாய். கோடையில் சொட்டும் வீப்பிங் வால் வசந்தத்தில் சாலை மீதே கொட்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டிவரும், ஆனால் அங்கே தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பனிச்சரிவு விழும் இடங்களில் மரத் தடுப்புக் கட்டைகளை ஆண்டுதோறும் கழற்றி, வசந்தத்தில் கடைசியாகத்தான் மாட்டுவார்கள்.

7. மரமே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை வழித்துவிட்டாற்போல் இருக்கும் பட்டை, அடியில் அழுக்குப்பனியும் முறிந்த கிளைகளும் இருந்தால் அது பனிச்சரிவுப் பாதை. அங்கே நின்று படமெடுக்காதீர்கள். இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடந்து போங்கள்.

8. எங்கே இருந்தாலும் மதியம் 1 மணிக்குத் திரும்புங்கள். கார்டன் வாலின் இந்தப் பக்கம் மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் நேராக விழும்போது ஈரப்பனி நெகிழ்ந்து சரியும், கற்களும் கழன்று விழும். மிக அதிகாலையில் மேலே போனால் உறைபனி, பிற்பகலில் பனிச்சரிவு. 10 முதல் 1 வரையிலான இடைவெளிதான் மேல்பகுதிக்கு உகந்தது.

ஓரத்துப் பனிச்சுவர் மேல் ஏறாதீர்கள். ஓடைகளுக்கு மேல் உள்ள பனி அடியில் உருகிக் கூடாக இருக்கும். கால் வைத்தால் உள்ளே விழுவது ஓடும் நீருக்குள்.

இறக்கம்

கிளம்பும்முன், நின்ற இடத்திலேயே வியர்த்த உள்சட்டையை மாற்றி, மேலங்கி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் நிற்பதே இல்லை. இரு பிரேக்கையும் அழுத்தி, லிவர் ஹேண்டில்பாரைத் தொடாமல் பிடிக்கிறதா பாருங்கள். சக்கரப் பூட்டு இறுக்கமா என்றும்.

நேர்ச்சாலையிலும் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் வேண்டாம், வளைவில் 20. மணிக்கு 40-இல் போகும்போது, ஒன்றரை விநாடி சுதாரிப்பதற்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் கடந்திருப்பீர்கள். பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். எதிரே சாலை முழுதும் பரவி ஏறும் குடும்பங்கள், குழந்தை இழுவைகள், மலையாடுகள், திடீரென்று பணி வண்டிகூட வரும். நடப்பவருக்கு வழிவிடுவது சைக்கிள்காரரின் கடமை. முந்தும்முன் குரல் கொடுங்கள்.

பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு ஆறவிடுங்கள். சக்கர விளிம்பில் பிடிக்கும் பிரேக் என்றால் ஈரச் சக்கரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்கவே பிடிக்காது. நீர் ஓடும் இடத்துக்கு முன்னரே லேசாகத் தொட்டு நீரை வழித்துவிட வேண்டும். ஈரத்தில் முன் பிரேக்கை வளைவுக்குள் திடீரென்று அழுத்தினால் விழுவது உறுதி. லூப்பில் கட்டாயம் நின்று விரலை உதறுங்கள். அதற்குக் கீழே காட்டுக்குள் வெளிச்சம் குறையும், கரடி வாய்ப்பு கூடும். களைப்பும் வேகமும் சேரும் இடம் அதுதான்.

ஏற 3 முதல் 4 மணி நேரம், இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்களுக்கு

அவலாஞ்சிலிருந்து லூப்வரை போய்வருவதே 26 கி.மீ., 6 முதல் 8 மணி நேரம். கணவாய் நடப்பவருக்கான இலக்கல்ல. போகவர 52 கி.மீ. தார்ச்சாலையில் நீண்டநேரம் நடந்தால் மலை ஷூவைவிட மெத்தென்ற ஓட்ட ஷூதான் பாதத்துக்கு நல்லது. சிறுவர்களோடும் பெரியவர்களோடும் வந்தால் முதல் 4, 5 கி.மீ. போய்த் திரும்புங்கள், ஓடையும் தேவதாருக் காடும் அங்கேயே இருக்கின்றன. சாலையின் ஒரே ஓரமாக நடங்கள், காதில் பாட்டு வேண்டாம்; பின்னால் வரும் சைக்கிளும் முன்னால் வரும் கரடியும் அப்போதுதான் தெரியும்.

கிழக்குப் பக்கம்

பூங்காவின் கிழக்கு வாசலான செயின்ட் மேரியிலிருந்து கணவாய் சுமார் 29 கி.மீ., ஏற்றம் 650 மீட்டர் அளவு. கேட் செயின்ட் மேரியிலோ ரைசிங் சன்னிலோ இருக்கும். கூட்டம் பாதிகூட இராது. ஆனால் ஏரி மேல் அடிக்கும் எதிர்காற்றில், சமதளமே ஏற்றம்போல் ஆகும். கணவாய்க்குக் கிழக்கே உள்ள பிக் டிரிஃப்ட் எனும் பனிக்குவியல் 24 மீட்டர்வரை ஆழம் எட்டும். அதை வெட்டி முடிக்க நாளாகும் என்பதால் கிழக்கிலிருந்து கணவாய் எட்டுவது பெரும்பாலும் தாமதம். ஜாக்சன் பனிப்பாறை தெரியும் இடம்வரை போய்வருவது இந்தப் பக்கத்தின் நல்ல ஒருநாள் பயணம்.

கார்களுக்குத் திறந்தபின்

சைக்கிளுக்குத் தடை இல்லை, நேரக் கட்டுப்பாடு உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம்வரை, மெக்டொனால்ட் ஏரிக்கரையில் ஆப்கார் முதல் ஸ்பிரேக் க்ரீக் வரையிலும், லோகன் ஓடையிலிருந்து கணவாய் நோக்கி ஏறும் திசையிலும், காலை 11 முதல் மாலை 4 வரை சைக்கிள் ஓட்டக்கூடாது. விடியும்முன் கிளம்பி 11-க்குள் கணவாயை எட்ட முடியாதவர்கள், முன்னும் பின்னும் விளக்கோடு மாலை 4-க்குப் பிறகு ஏறலாம்.